இல்லாத ஆணை நம்பினார்கள்... இருந்த பெண்ணை நம்பவில்லை!

1919-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஓர் இசைப் போட்டி. வயோலாவும் பியானோவும் சேர்ந்து வாசிப்பதற்கான புதிய படைப்பு ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். பரிசு 1,000 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

எழுதியவர் யார் என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத் தாள்களில் பெயர் இல்லை. வந்து குவிந்தவை 72. ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் இரண்டு மிஞ்சின. அங்கேதான் சிக்கல். நடுவர்கள் ஆறு பேர். மூன்று பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். யாரும் இறங்கி வரவில்லை.

போட்டிக்குப் பணம் கொடுத்தவர் எலிசபெத் ஸ்ப்ரேக் கூலிட்ஜ் என்ற செல்வந்தப் பெண்மணி. கடைசியில் அவரே தீர்ப்பு சொல்ல வேண்டியதாயிற்று. அவர் தேர்ந்தெடுத்த படைப்பை எழுதியவர் எர்னெஸ்ட் ப்ளாக். ஏற்கெனவே பெயர் பெற்ற இசையமைப்பாளர். யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஆனால், நடுவர்களுக்கு மனம் ஆறவில்லை. அந்த இன்னொன்று? அவ்வளவு தூரம் போட்டி போட்ட அந்தப் படைப்பை எழுதியவர் யார்? இரண்டாம் இடத்தின் பெயரும் வெளியே வந்தது.

ரெபெக்கா கிளார்க்.

ஒரு பெண்! அதைக் கேட்டதும் நடுவர்களின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்று கூலிட்ஜ் அம்மையாரே பின்னர் ரெபெக்காவிடம் சொல்லிச் சிரித்தார். அந்த முகங்களுக்குப் பின்னால் இருந்த கதை, சிரிப்போடு முடிகிற கதை அல்ல.

அடி வாங்கிய வீட்டில் கேட்ட இசை

ரெபெக்கா பிறந்தது 1886-ம் ஆண்டு, ஆகஸ்ட் 27-ம் தேதி, லண்டனை ஒட்டிய ஹாரோவில். அப்பா அமெரிக்கர், அம்மா ஜெர்மானியர். வீட்டில் இசைக்குப் பஞ்சமில்லை. குடும்பமே கூடி உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. தம்பி ஹான்ஸுக்கு வயலின் வகுப்பு வைத்தபோது, ரெபெக்காவும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஹான்ஸ் பின்னாளில் பெயர் பெற்ற உயிர்வேதியியல் விஞ்ஞானி ஆனார். வயலின் அக்காவிடம் தங்கிவிட்டது.

அதே வீட்டில் இன்னொன்றுக்கும் பஞ்சமில்லை. அடி. சின்னத் தவறுக்கும் அப்பாவின் கையில் எஃகு அளவுகோல் வந்துவிடும். வயதான காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அந்த வலியை ரெபெக்கா மறக்காமல் பதிவு செய்திருக்கிறார். இசையைக் கொடுத்ததும் அப்பாதான், பயத்தைக் கொடுத்ததும் அப்பாதான்.

1903-ல் லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகள். அங்கே இசையின் இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் பெர்சி ஹில்டர் மைல்ஸ், ‘உன்னைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறேன்’ என்று கேட்டார். விஷயம் அப்பாவின் காதுக்குப் போனது. கேட்டது ஆசிரியர். படிப்பு நின்றது மாணவிக்கு. இப்படிப்பட்ட கணக்கு எந்த ஊர்ப் பெண்களுக்கும் புதிதல்ல.

அந்த மைல்ஸ் கதையில் மறுபடி வருவார்.

‘வயோலாவுக்கு மாறு!’

சில ஆண்டுகள் கழித்து, ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் இடம் கிடைத்தது. அங்கே இசையமைப்பு கற்பித்தவர் சார்லஸ் வில்லியர்ஸ் ஸ்டான்ஃபோர்டு. இங்கிலாந்தின் ஒரு தலைமுறை இசையமைப்பாளர்களையே உருவாக்கிய ஆசிரியர். அவரிடம் இசையமைப்பு படித்த முதல் பெண்களில் ஒருவர் ரெபெக்கா.

அவரிடம் ஸ்டான்ஃபோர்டு சொன்ன ஒரு யோசனை வாழ்க்கையையே திருப்பிப்போட்டது. வயலினை விட்டு வயோலாவுக்கு மாறு என்றார்.

பார்ப்பதற்கு வயலின் போலவே இருக்கும் வயோலா, அளவில் கொஞ்சம் பெரியது. தோளில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். வயலினின் உச்சக் கீச்சு அதில் கிடையாது. செல்லோவின் ஆழமும் முழுதாக இல்லை. இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் கரகரப்பும் கனிவும் கலந்த குரல்.

கல்யாண விருந்தில் பாயசத்தைப் பாராட்டுவார்கள், வத்தக்குழம்பைப் பாராட்டுவார்கள். ‘சோறு நல்ல பதமாக வெந்திருக்கிறது’ என்று யாராவது சொல்வதுண்டா? ஆனால், சோறு குழைந்துபோனால் மொத்த விருந்தும் போச்சு. அன்றைய ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலாவின் நிலை அதுதான். மெட்டு வயலினுக்கு. அஸ்திவாரம் செல்லோவுக்கு. நடுவில் இட்டு நிரப்புகிற வேலை வயோலாவுக்கு. வயலினில் தேறாதவர்களைத்தான் அங்கே தள்ளுவார்கள் என்ற கேலியும் உண்டு.

ஸ்டான்ஃபோர்டின் பார்வை வேறு. வயோலாக்காரர் இசைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். மேலே என்ன ஓடுகிறது, கீழே என்ன ஓடுகிறது என்று இரண்டும் அவர் காதில் விழும். ஒரு படைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை உள்ளிருந்தே பார்க்கலாம். இசை எழுத விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல இருக்கை ஏது?

ரெபெக்கா மாறினார். அன்றைய இங்கிலாந்தில் வயோலாவைத் தனிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவரப் போராடிக்கொண்டிருந்தவர் லயனல் டெர்ட்டிஸ். அவரிடமே பாடம் கேட்டார். ஒதுக்கிவைக்கப்பட்ட வாத்தியமும், ஒதுக்கிவைக்கப்பட்ட பெண்ணும் ஒன்று சேர்ந்தது அப்படித்தான்.

வாசலுக்கு வெளியே

1910. அப்பாவுக்கு வேறு பெண்களுடன் இருந்த தொடர்பை ரெபெக்கா தட்டிக்கேட்டார். பதில், ‘வீட்டை விட்டு வெளியே போ’ என்பதாக இருந்தது. பணம் வருவது நின்றது. படிப்பும் பாதியில் நின்றது.

வயது 24-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு வயோலா. அதுவே இனி சோறு போட வேண்டும்.

போட்டது. சிறு குழுக்களில் வாசித்தார், கிடைத்த மேடைகளில் எல்லாம் வாசித்தார். அதுவரை லண்டனின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் ஆண்களின் கோட்டை. முதல் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பே, குயின்ஸ் ஹால் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய ஹென்றி வுட் அந்தக் கதவைத் திறந்தார். ஆறு பெண்களைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அந்த ஆறு பேரில் ரெபெக்கா ஒருவர். ஆண்கள் நிறைந்த மேடையில் வில்லெடுத்து உட்கார்ந்த அந்தப் பெண்கள், பின்னால் வந்த எத்தனையோ பேருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

பாப்லோ காஸல்ஸ், மைரா ஹெஸ் போன்ற பெரும் கலைஞர்களோடும் அவர் சேர்ந்து வாசித்திருக்கிறார். செல்லோ கலைஞர் மே மக்கிள் அவருடைய நெருங்கிய தோழி. இரண்டு பெண்கள், இரண்டு வாத்தியங்கள், கப்பல் பயணம் என்று ஹவாய் முதல் பிரிட்டிஷ் காலனிகள் வரை இருவரும் கச்சேரி செய்துகொண்டே உலகம் சுற்றினார்கள்.

ஆன்டனி ட்ரென்ட் என்றொரு ‘மேதை’

1918, பிப்ரவரி. நியூயார்க்கில் ரெபெக்காவும் மே மக்கிளும் கச்சேரிக்குத் தயாரானார்கள். நிகழ்ச்சி நிரலில் ரெபெக்கா எழுதிய படைப்புகள் சில இருந்தன. வாசிப்பவர் பெயரும் ரெபெக்கா, எழுதியவர் பெயரும் ரெபெக்கா. ஒரே தாளில் தன் பெயர் இத்தனை முறை வருவது அவருக்கே கூச்சமாக இருந்தது. வயோலாவுக்கும் பியானோவுக்கும் எழுதிய ‘மார்ஃபியஸ்’ என்ற படைப்புக்கு மட்டும் ஓர் ஆண் பெயரைக் கற்பனையாகப் போட்டுவிட்டார். ஆன்டனி ட்ரென்ட்.

விளையாட்டாகச் செய்தது. ஆனால் நடந்தது விளையாட்டாக இல்லை.

ரெபெக்கா கிளார்க் என்ற பெயரில் வாசிக்கப்பட்டவற்றைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆன்டனி ட்ரென்ட்டின் மேல்தான் எல்லோர் கவனமும். யார் இந்த ட்ரென்ட், நன்றாக எழுதியிருக்கிறாரே என்று பேச்சு கிளம்பியது. அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை. ஆனாலும், அவர் இருக்கிறாரா என்று யாரும் சந்தேகப்படவில்லை.

அடுத்த ஆண்டுதான் கூலிட்ஜ் போட்டி. இப்போது ரெபெக்கா தன் சொந்தப் பெயரிலேயே அனுப்பினார். விளைவு நேர்மாறாக இருந்தது. ஒரு பெண்ணால் இப்படி எழுத முடியாது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஒரு பத்திரிகைத் துணுக்கு இன்னும் ஒருபடி மேலே போனது. ‘ரெபெக்கா கிளார்க் என்று ஒருவரே கிடையாது, அது எர்னெஸ்ட் ப்ளாக்கின் புனைபெயர்’ என்றது!

யோசித்துப் பாருங்கள். இல்லாத ஆன்டனி ட்ரென்ட்டை உண்மை என்று நம்பிய உலகம், உயிரோடு நின்ற ரெபெக்காவைப் பொய் என்றது. வயதான காலத்தில் இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

அந்த வயோலா சொனாட்டா எப்படி இருக்கும்? மூன்று பகுதிகள் கொண்டது. எடுத்த எடுப்பிலேயே வயோலா எக்காளம் போல ஓங்கி ஒலிக்கும். ‘நடுவில் இட்டு நிரப்புகிற வாத்தியம்தானே’ என்று நினைத்தவர்களை முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்கார வைக்கும். இரண்டாம் பகுதி துள்ளல். மூன்றாவது, தனியாக ஒருவர் மனதுக்குள் பேசிக்கொள்வது போல மெதுவாகத் தொடங்கி, கடைசியில் முதல் பகுதியின் வேகத்தை மறுபடி எட்டும். உள்ளேயிருந்து வயோலாவைத் தெரிந்தவர் எழுதியது என்பது கேட்டாலே புரியும்.

1921-ல் அந்தச் சொனாட்டா அச்சில் வந்தது. அதே ஆண்டு கூலிட்ஜ் போட்டியில் அவருடைய பியானோ ட்ரியோவும் முதல் பரிசுக்கு அருகில் வந்து நின்றது. 1923-ல் செல்லோவுக்கும் பியானோவுக்கும் ஒரு ராப்சடி எழுதித் தரும்படி கூலிட்ஜ் அம்மையாரே கேட்டு வாங்கினார். மேடையும் இருந்தது, பேனாவும் ஓடியது. 1927-ல் மே மக்கிள் உட்பட நான்கு பெண்கள் சேர்ந்து ‘இங்கிலீஷ் என்ஸெம்பிள்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள்.

ஆனால், அதற்குப் பிறகு புதிய படைப்புகள் குறைந்துகொண்டே வந்தன.

56 வயதில் குழந்தை பார்க்கும் வேலை

1939. சகோதரர்களைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தார் ரெபெக்கா. அந்த நேரம் பார்த்து இரண்டாம் உலகப் போர் வெடித்தது. இங்கிலாந்துக்குத் திரும்ப வழியில்லை. சகோதரர்களின் வீடுகளில் மாறி மாறித் தங்கினார். விருந்தாளியாக எத்தனை நாள் இருக்க முடியும்?

அப்போதும் எழுதினார். 1941-ல் கிளாரினெட்டுக்கும் வயோலாவுக்கும் எழுதிய படைப்பு, மறுஆண்டு கலிபோர்னியாவில் நடந்த சர்வதேச இசை விழாவில் வாசிக்கப்பட்டது. அதே 1942-ல்தான் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவர் சேர்ந்தார். 72 பேரில் முதல் இருவரில் ஒருவராக வந்தவர், காஸல்ஸோடு வாசித்தவர், 56 வயதில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காவலாக நின்றார். அந்த வேலையில் கேவலம் எதுவும் இல்லை. நேரம்தான் இல்லை.

1944-ல் வாழ்க்கை ஒரு சின்னப் பரிசைக் கொடுத்தது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தெருவில் எதிரே வந்தவர், இளம் வயதில் லண்டன் கல்லூரியில் கூடப் படித்த ஜேம்ஸ் ஃப்ரிஸ்கின். ஸ்காட்லாந்துக்காரர், பியானோ கலைஞர், ஜூலியார்டு இசைப் பள்ளி ஆசிரியர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிப்போயிருந்தன. அந்த ஆண்டே ஒரு பழைய ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டை வயோலாவுக்காக அமைத்தார் ரெபெக்கா. செப்டம்பரில் திருமணம் நடந்தது. மணமகளுக்கு 58 வயது!

கணவர் எழுதச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். ஆனால், பேனா பழையபடி ஓடவில்லை. காலையில் கண் விழிக்கும்போது முதல் நினைவும், இரவு கண் மூடும்போது கடைசி நினைவும் அதுவாகவே இருந்தால்தான் தன்னால் இசை எழுத முடியும் என்று அவர் பின்னர் விளக்கினார்.

இதைப் படிக்கிற பல பெண்களுக்கு இந்த வரிக்கு விளக்கம் தேவைப்படாது. காலையில் முதல் நினைவு பால் வந்ததா என்பது. இரவில் கடைசி நினைவு கேஸை அணைத்தோமா என்பது. நடுவில் எங்கே போய் மெட்டைத் தேடுவது? ரெபெக்காவை வாழ்க்கை முழுக்க யாரும் கதவைச் சாத்தித் தடுக்கவில்லை. ‘நீ எழுது, நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னவர்கள்தான் மிகக் குறைவு.

ஒரு வயலினின் பயணம்

இப்போது அந்த ஆசிரியர் மைல்ஸுக்கு வருவோம். 1922-ல் இறந்த அவர், தன் உயிலில் ஒன்றை ரெபெக்காவுக்கு எழுதிவைத்திருந்தார். அவருடைய ஸ்ட்ராடிவேரியஸ் வயலின்! இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி கைப்பட உருவாக்கிய வயலின்கள் உலகிலேயே விலைமதிப்பு மிக்கவை.

பின்னாளில் ரெபெக்கா அதை விற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு, தோழி மே மக்கிளின் பெயரில் இளம் செல்லோ கலைஞர்களுக்கு ஒரு பரிசை ஏற்படுத்தினார். எந்தக் கல்லூரியில் தெரியுமா? தன்னை அப்பா பாதியில் நிறுத்தி அழைத்துவந்த அதே ராயல் அகாடமியில். தனக்கு மறுக்கப்பட்ட வாசலில், அடுத்து வருகிறவர்களுக்காக ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வந்தார்.

90 வயதில் வந்த ரேடியோக்காரர்

1967-ல் கணவர் காலமானார். நியூயார்க்கில் தனியாக வாழ்ந்த அந்த மூதாட்டி யார் என்று இசை உலகுக்கு நினைவில்லை.

1976-ல் நியூயார்க் வானொலி ஒன்றைச் சேர்ந்த ராபர்ட் ஷெர்மன் அவரைத் தேடி வந்தார். அவருக்காக அல்ல. பியானோ மேதை மைரா ஹெஸ் பற்றி ஒரு நிகழ்ச்சி தயாராகிக்கொண்டிருந்தது. ஹெஸ்ஸை நேரில் அறிந்தவர் என்பதால் ரெபெக்காவின் நினைவுகளைக் கேட்க வந்தார். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, எதிரே உட்கார்ந்திருப்பவரே ஓர் இசையமைப்பாளர் என்று!

அந்த ஆண்டு அவருடைய 90-வது பிறந்தநாளையொட்டி, ரெபெக்கா கிளார்க்கின் இசைக்காகவே ஒரு வானொலி நிகழ்ச்சி ஒலிபரப்பானது. பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த இசைத்தாள்களுக்கு மீண்டும் காற்றுப் பட்டது. அந்த வயோலா சொனாட்டாவைத் தன் வாழ்வில் வீசிய வெற்றியின் ஒரே ஒரு சின்ன வாசனை என்று அவர் அப்போது குறிப்பிட்டார்.

1979-ம் ஆண்டு, அக்டோபர் 13-ம் தேதி, 93 வயதில் மறைந்தார். அவர் எழுதியவை சுமார் 100 படைப்புகள். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை ஏறத்தாழ 20 மட்டுமே. மீதியெல்லாம் அவருக்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரத் தொடங்கின. 2000-ம் ஆண்டில் அவர் பெயரிலேயே ஓர் அமைப்பும் உருவானது.

இரண்டு பேருமே ஜெயித்தார்கள்

இன்று வயோலாவை முறையாகக் கற்கும் மாணவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், ரெபெக்காவின் சொனாட்டாவைத் தாண்டிப் போவது கடினம். கல்லூரித் தேர்வு, போட்டி, முதல் கச்சேரி என்று எங்காவது அது வந்து நிற்கும். ப்ளாக் எழுதிய படைப்பும் அப்படியே. 1919-ல் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்து நின்ற அந்த ஆறு நடுவர்களும் தவறு செய்யவில்லை என்று நூறு ஆண்டு காலம் தீர்ப்பு சொல்லிவிட்டது.

ஆன்டனி ட்ரென்ட்டின் ‘மார்ஃபியஸ்’ படைப்பையும் இன்று நிறைய பேர் வாசிக்கிறார்கள். அச்சிட்ட தாளின் மேல் மூலையில் இப்போது இருக்கிற பெயர், ரெபெக்கா கிளார்க்.

போனில் தேடினால் இரண்டும் கேட்கக் கிடைக்கும். சொனாட்டாவின் முதல் பகுதியை மட்டுமாவது, காதில் ஹெட்போனோடு, வேறு வேலை எதுவும் இல்லாமல் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். ‘அப்படி ஒருவரே இல்லை’ என்று சொல்லப்பட்ட பெண், முதல் சில விநாடிகளிலேயே ‘இதோ இருக்கிறேன்’ என்று சொல்வது கேட்கும்.